வெச்சாச்சு

செல்வி, குமரா, ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து இதைப் படிங்க. செல்வி வாசிக்கட்டும். குமரன் குறுக்கே பேசாம கேட்கட்டும். நான் பத்தாவதோட நின்னவன். எங்கயாவது ஒற்று விட்டுப் போயிருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை மாமா வீட்ல பேச்சு வந்தப்போ குமரன் சொன்னான்: "எங்க வேங்கிக்கால் வீட்ல வெள்ளை முயல் இருந்துச்சில்ல, பக்கத்து வீட்டு ஆயாம்மா மருந்தடிச்ச கடலைக்கொடியப் போட்டு அதக் கொல்லப் பாத்தாங்க." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சிரிச்சேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விடலை. நடந்தது அப்படி இல்லை. எப்படினு தெரிஞ்சவங்க நாங்க ரெண்டே பேர்தான், நானும் அந்தம்மாவும். அவங்க சொல்ல மாட்டாங்க. அதனால நான் எழுதறேன்.

அவங்க பேரை எழுதலை. தன்னைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினாலே குடத்தைத் தூக்கிட்டு நகர்ந்துடற ஆள். உங்களுக்கு ஆயாம்மா, அது போதும். நம்ம காம்பவுண்டுல அஞ்சு போர்ஷன், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். கடைசி போர்ஷன் அவங்களுது. செல்வி படிச்ச ஸ்கூல்ல சத்துணவு ஆயா. ஒல்லியா, உயரமா இருப்பாங்க. வாட்சை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருப்பாங்க. வயசு என் வயசுதான், ஒண்ணு ரெண்டு கம்மியாக்கூட இருக்கும். தனியா இருந்தாங்க. ஏன் தனியானு யாரும் கேட்டதில்லை.

அவங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. யாருக்குச் சாப்பாடு போட்டாலும் தட்டை வெப்பாங்க, "வெச்சாச்சு"ம்பாங்க, முதுகைக் காட்டிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான். "சாப்பிடு"ங்கற வார்த்தை அவங்க வாயில இருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

முதல்ல அதை நாங்க திமிர்னு நினைச்சோம். உங்கம்மா ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா. "காபியக் கொண்டாந்து முன்னால வெச்சிட்டு அந்தக்கா பாட்டுக்கு உள்ள போயிட்டாங்க. குடிங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?"

"குடிச்சியா?"

"குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

இன்னொரு நாள் கீழ்பென்னாத்தூர்ல இருந்து அவங்க அண்ணன் வந்தார். என்னவோ சண்டை, வந்த வேகத்துல கிளம்பறார். நம்ம பக்கம் அப்படி ஒருத்தர் சாப்பிடாம எழுந்தா கையைப் பிடிப்போம், சத்தியம் வெப்போம், செருப்பை ஒளிச்சு வெப்போம். இவங்க தட்டுல சோறு போட்டு வெச்சிட்டு, "வெச்சாச்சுண்ணா"னு சொல்லிட்டுக் குழாயடிக்கு வந்துட்டாங்க. நான் வரிசையில குடத்தோட நிக்கறேன். அந்த மனுஷன் வாசல்ல நிக்கறார், தெருவைப் பாக்கறார், வீட்டுக்குள்ள பாக்கறார். இந்தம்மா திரும்பவே இல்லை. குடம் நிறையற வரைக்கும் தண்ணியையே பாத்துட்டு இருந்தாங்க. கடைசியில அவர் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் உட்கார்ந்தார்.

எனக்கு அது பிடிக்கலை. ஏன் பிடிக்கலைனு சொல்லணும்னா என் தொழிலைப் பத்திச் சொல்லணும். அப்போ நான் தேரடி வீதியில ஒரு ஓட்டல்ல சர்வர். காலையில ஆறுக்குப் போனா சாயங்காலம் ஆறுக்கு வருவேன். டேபிள்ல ஆள் உட்கார்ந்ததுமே அவர் மூஞ்சியைப் பாத்து இவருக்கு ரவா தோசை, இவருக்குப் பொங்கல் வடைனு சொல்லிடுவேன். "இன்னொரு தோசை போடட்டுங்களா? நெய் ஊத்திச் சொல்லட்டுங்களா? இப்பதான் சார் சட்னி அரைச்சாங்க." வேணாம்னு கையை ஆட்டறவங்களையும் ஒரு காபியாவது குடிக்க வெச்சுத்தான் எழுப்புவேன். ஒருத்தரை ஆசையா சாப்பிட வெக்கறதுல என்னை மிஞ்ச ஆள் இல்லைங்கற நினைப்பு எனக்கு. அப்படிப்பட்டவன் குடியிருக்கற காம்பவுண்டுல, முதுகைக் காட்டியே எல்லாரையும் சாப்பிட வெக்கற ஒரு பொம்பளை.

முயல் வந்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் சுத்திட்டு வர்றப்போ, அடி அண்ணாமலைகிட்ட ஒருத்தன் கூடையில வெச்சு வித்துக்கிட்டு இருந்தான். குமரன் கூடைப் பக்கத்துலயே குந்திட்டான், எழுந்திருக்கலை. ரெண்டு மாசக் குட்டி. என் உள்ளங்கையில அடங்கிடுச்சு. "இன்னாப்பா துன்னும்?"னு கேட்டேன். "எது போட்டாலும் துன்னும் சார்"னு சொல்லிட்டு அவன் அடுத்த ஆளைப் பாத்துட்டான்.

எது போட்டாலும் துன்னும்னு சர்வர்கிட்ட சொன்னா அவன் என்ன பண்ணுவான்? முதல் நாள் பால்ல ஊறவெச்ச பிஸ்கட். ரெண்டாவது நாள் ரொட்டி. அப்புறம் தோசை முனை, பால்சோறு, கேரட்டைச் சீவி ஒரு கிண்ணம். நான் கையை நீட்டினா பின்னங்காலை ஊனி நிமிர்ந்து நிக்கும். நீங்க ரெண்டு பேரும் கை தட்டுவீங்க. "அப்பா வந்தாத்தான் எழுந்து நிக்குது!"னு செல்வி தெருப் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. கீரை போட்டா மோந்துகூடப் பாக்காது. பத்து நாள்ல அது பின்பக்கம் எல்லாம் ஈரமா ஒட்டிக்கிட்டு, புழுக்கை உருண்டையா வராம சேறு மாதிரி வந்தது. குட்டினா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

குழாயடியில இருந்து ஆயாம்மா எட்டிப் பாத்தாங்க. கிண்ணங்களை வரிசையாப் பாத்தாங்க.

"இன்னாண்ணா, இதுக்கும் டிபன் லிஸ்ட் ஒப்பிக்கிறீங்களா?"

உங்கம்மா சிரிச்சிட்டா. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. "சின்ன உசுரும்மா, நல்லதாக் குடுக்க வேணாமா?"னு கேட்டேன்.

"நல்லதுதான். உங்களுக்கு நல்லது, எனக்கு நல்லது. அதுக்கு?"

அதோட விட்டிருந்தா நானும் மறந்திருப்பேன். மறுநாள் சத்துணவு வேலை முடிஞ்சதும் அந்தம்மா நேரா மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைக் கேட்டுட்டு வந்துட்டாங்க. முயல் நம்முளுது. பத்து நாளா எனக்குக் கேட்கணும்னு தோணலை. அவங்களுக்குத் தோணிச்சு. முதல் முள் அங்கதான் குத்திச்சு.

டாக்டர் சொன்னதை அவங்க குழாயடியில நின்னு செல்விகிட்ட சொன்னாங்க, என்கிட்ட இல்லை. காய்ஞ்ச கொடிதான் அதுக்குச் சோறு, எந்நேரமும் முன்னால கிடக்கணும், அது உடம்பு அளவுக்குக் கிடக்கணும். கடிச்சுக் கடிச்சுத்தான் பல்லும் தேயும், வயிறும் ஓடும். பச்சைக் கீரை ஒரு கைப்பிடி, அதுவும் ஒரு வாரத்துக்கு ஒரு கீரையா ஆரம்பிக்கணும். கேரட் இனிப்பு, எப்பவாவது ஒரு விரல் நுனி. ரொட்டி, பிஸ்கட், சோறு மூச்சே விடக்கூடாது. ஆனா ஒரே நாள்ல எல்லாத்தையும் நிறுத்தினா குட்டி வயிறு தாங்காது. இன்னைக்கு இவ்வளவு, நாளைக்கு அதுல கொஞ்சம் கம்மினு பத்து நாள்ல மாத்தணும். தண்ணி கிண்ணத்துல எப்பவும் இருக்கணும்.

கடலைக்கொடி அவங்க அண்ணன் நிலத்துல இருந்து வந்தது. நல்லாக் காய்ஞ்சு, பச்சை போகாம, வாசனையா இருக்கும். கூண்டுல ஒரு மூலையில அள்ளி வெச்சாங்க. "வெச்சாச்சு. வாங்க போலாம்"னு உங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க.

"துன்னுதானு பாக்க வேணாமா?"னு நான் கேட்டேன்.

"நின்னு பாத்தா எப்படிண்ணா அதுக்குத் தொண்டையில எறங்கும்?"

நாலஞ்சு நாள் அது கொடியைச் சீண்டலை. மிச்சம் இருந்த ரொட்டித் துண்டைத் தின்னுட்டு என்னையே பாக்கும். "பட்டினி போட்டுச் சாகடிக்கப் போறாங்க"னு உங்கம்மாகிட்ட சொன்னேன். உண்மையைச் சொல்றேன், அது கொடி தின்னக்கூடாதுனு நான் உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறேன், நீங்க ரெண்டு பேரும் கதவுக்குப் பின்னால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறீங்க. "ஷ்ஷ்! கேளுப்பா." கறுக், கறுக்னு சத்தம். குமரன் என் காலைக் கட்டிக்குவான்னு குனிஞ்சேன். அவன் என் கைக்கு அடியில நுழைஞ்சு ஓடினான். "ஆயாம்மா! துன்னுது ஆயாம்மா!"

அன்னையில இருந்து நான் வர்ற நேரத்துக்கு வாசல்ல ஆள் இல்லை. கையில வடைப் பொட்டலம் இருக்கும், வாங்க யாரும் இருக்க மாட்டாங்க. கடைசி போர்ஷன்ல இருந்து உங்க சத்தம் கேட்கும். நான் போய்க் கூப்பிட மாட்டேன். பொட்டலத்தை நானே பிரிச்சு, நானே தின்னுட்டு, "வடை எங்கப்பா?"னு நீங்க கேட்டா "வாங்கலை"னு சொல்லுவேன். முப்பத்தஞ்சு வயசு ஆள் செய்யற வேலையா அது?

ஒரு நாள் எட்டிப் பாத்தேன். செல்வி அவங்க வீட்டுத் தரையில உட்கார்ந்து முருங்கைக்கீரை போட்ட சோறு சாப்பிடறா. அந்தப் பொண்ணுக்கு நான் மடியில உட்காரவெச்சு, நிலாவைக் காட்டி, காக்காவைக் காட்டி, அண்ணாமலையாரையே கீழ இறக்கிக் காட்டி ஊட்டியிருக்கேன், ஒரு வாய்க் கீரை உள்ள போனதில்லை. ஆயாம்மா திரும்பி உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தெச்சிட்டு இருந்தாங்க. செல்வி நிமிர்ந்து என்னைப் பாத்தா.

"பாக்காத போப்பா. பாத்தா எப்படிச் சாப்பிடறது?"

நீ அதை மறந்திருப்பே. நான் மறக்கலை.

ஓட்டல்ல நானும் அப்படிச் செஞ்சு பாத்தேன். ஒரு பெரியவருக்குத் தோசையை வெச்சிட்டு ஒண்ணும் பேசாம திரும்பி நடந்தேன். ரெண்டு எட்டு வெக்கலை, பின்னால இருந்து சத்தம்: "யோவ், சாம்பார் யாரு உங்க மாமனாரா வந்து ஊத்துவாரு?" சமையல்காரர் வரைக்கும் சிரிச்சார். அவங்க செஞ்சா அது வேற. நான் செஞ்சா அது அலட்சியம். எனக்கு அவங்க மேல இருந்த எரிச்சல் அன்னைக்கு ரெட்டிப்பாச்சு.

இப்போ நடந்ததைச் சொல்றேன்.

அது ஒரு வியாழக்கிழமை, சதுர்த்தி. ஓட்டலுக்குப் பின்னால ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், அங்க சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாங்க. ஒரு தொன்னை நிறைய. மத்தியானம் கூட்டம் கம்மினு முதலாளி சீக்கிரம் விட்டுட்டார். வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா தையல் கடையில, நீங்க ஸ்கூல்ல, அவங்களும் ஸ்கூல்ல. நானும் முயலும்தான். அது கொடியைக் கடிச்சுக்கிட்டு இருந்தது. நான் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். முகத்தைக்கூடத் திருப்பலை. ஒரு காலத்துல என் கைக்கு எழுந்து நின்ன முயல்.

இதுவே பிஸ்கட்டா இருந்தா கொடுத்திருக்க மாட்டேன். டாக்டர் சொன்னது காதுல இருந்தது. ஆனா கையில இருந்தது பிரசாதம். பிரசாதத்தை யாருக்கும் இல்லைங்கக் கூடாது, அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. இது எனக்கு நானே சொல்லிக்கிட்டது இல்லை, பிறந்ததுல இருந்து கேட்டு வளர்ந்தது. அன்னைக்கு அது எனக்குத் தோதா வந்து நின்னுச்சு, அவ்வளவுதான். விரல்ல கொஞ்சம் எடுத்து நீட்டினேன். மோந்துச்சு. நக்கிச்சு. அப்புறம் எழுந்து நின்னு, ரெண்டு முன்னங்காலையும் என் மணிக்கட்டுல வெச்சுக்கிட்டுத் தின்னுச்சு. "யாரு உன் ஆளு? சொல்லு, யாரு?"னு கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. மிச்சத்தை மூடி வெச்சிட்டு, மறுநாள் சாப்பாட்டு நேரத்துல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்து அதையும் கொடுத்தேன். இதுக்குன்னே வந்தேன்.

சனிக்கிழமை காலையில முயல் மூலையில குறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. வயிறு கல்லு மாதிரி. பல்லை நறநறனு கடிக்குது. கொடியைத் தொடலை, தண்ணியைத் தொடலை, புழுக்கையே இல்லை. குமரன் கத்தின கத்துல அஞ்சு போர்ஷனும் கூடிடுச்சு.

உங்கம்மாதான் ஆரம்பிச்சா. "முந்தாநேத்துதான் புதுக் கொடிக்கட்டு போட்டீங்களேக்கா, அதுல மருந்து அடிச்சிருப்பாங்களோ?"

எல்லாரும் ஆயாம்மாவைப் பாத்தாங்க. அவங்க குனிஞ்சு முயலைத் தூக்கினாங்க. வயித்தைத் தடவினாங்க. வாய்கிட்ட மூக்கைக் கொண்டு போனாங்க. நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. நான் குழாயைப் பாத்தேன்.

"இருக்கும்"னாங்க. "கொடியில இன்னா இருந்துச்சோ."

குமரா, நீ அவங்க கையைத் தட்டிவிட்டே. "உங்க புல்லாலதான்! நீங்கதான்!" உனக்கு அப்போ ஆறு வயசு. உன் மேல தப்பில்லை. வாயைத் திறக்க வேண்டியவன் பக்கத்துலயே நின்னான், திறக்கலை.

ஷேர் ஆட்டோவுல மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம், நானும் அவங்களும். முயல் அவங்க மடியில, துண்டுல சுத்தி. பாதி தூரம் போயாச்சு. அப்புறம் ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"ஏலக்கா வாசனை அடிக்குதுண்ணா."

நான் துண்டு நுனியை இழுத்து முயலை மூடினேன்.

"டாக்டராண்ட நீங்களே சொல்லிடுங்க. இன்னா துன்னுச்சுன்னு தெரிஞ்சாத்தான் அவரு மருந்து குடுக்க முடியும்."

ஆஸ்பத்திரியில முயலை என் கையில கொடுத்துட்டு அவங்க வாசல்லயே நின்னுட்டாங்க. உள்ள இருந்து பாத்தேன், முதுகுதான் தெரிஞ்சது. நான் டாக்டர்கிட்ட சொன்னேன். சர்க்கரைப் பொங்கல், ரெண்டு நாள், நெய், முந்திரி. அவர் என்னைத் திட்டின திட்டு வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். ஊசி போட்டார், சொட்டு மருந்து கொடுத்தார். கதகதப்பா வெச்சுக்க, வயித்தை மெள்ளத் தேய்ச்சு விடு, காய்ஞ்ச கொடியைத் தவிர எதுவும் கூடாதுன்னார். வெளியே வந்தேன். "சொல்லியாச்சா?"ன்னுகூட அவங்க கேட்கலை. துண்டை விரிச்சு முயலை வாங்கிக்கிட்டாங்க.

மூணாவது நாள் நாலு புழுக்கை போட்டுச்சு. பொழைச்சுக்கிச்சு. வீட்ல நான் ஒண்ணும் சொல்லலை. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளினேன். அவங்களும் சொல்லலை. குமரன் அவங்க வீட்டுப் பக்கம் போறதை நிறுத்தினான், அவனைப் பாத்துச் செல்வியும் நிறுத்திட்டா. சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் வாசல்ல வந்து நின்னீங்க. நான் ஆசைப்பட்டது அதுதானே? வடையைப் பிரிச்சுக் கொடுத்தேன். ஆனா பொறாமை கம்மியாகலை, ஜாஸ்தியாச்சு. பண்ணாத தப்பை ஏத்துக்கிட்டு ஒரு மனுஷி எப்படி அதே நடையில குடம் தூக்கிட்டுப் போக முடியும்? நானா இருந்தா காம்பவுண்டையே ரெண்டாக்கியிருப்பேன். என்னால முடியாத ஒண்ணு அவங்களால முடியுதுங்கறதை என்னால தாங்கிக்க முடியலை.

அந்த வருஷக் கடைசியில கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போனாங்க. சாமான் எல்லாம் ஒரு மினி லாரியில பாதிகூட நிறையலை. வண்டி கிளம்பறப்போ என்கிட்ட வந்தாங்க. வீட்ல ஏன் சொல்லலைனு இப்போ கேட்பாங்கனு நினைச்சேன்.

"கொடிக்கு அண்ணனாண்ட சொல்லியிருக்கேண்ணா. வாரா வாரம் பஸ்ல போட்டு அனுப்புவாரு. பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கோங்க. நிறுத்திடாதீங்க, வயிறு கெட்டுடும்."

அவ்வளவுதான் சொன்னாங்க. உங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பாத்துட்டு ஏறிட்டாங்க.

நம்ம முயல் அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் உயிரோட இருந்ததே, அந்தக் கொடியைத் தின்னுதான். "எங்கப்பா வாங்கறே?"னு நீங்க கேட்டப்போ எல்லாம் "மார்க்கெட்ல"னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் நீங்க அதை நம்பறீங்க. அவங்களைப் போய்ப் பாத்துச் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லுங்க. நானும் வர்றேன், பின்னால நிக்கறேன்.

ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கு, அதையும் எழுதிடறேன். முதல் வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் கூரையில இருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கிப் போட்டார். சாக்கு மேல நீலக் கலர் பெயிண்ட்ல, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கற அளவுக்குப் பெரிசு பெரிசா எழுதியிருந்தது: செல்விக்கும் குமரனுக்கும், ஆயாம்மா. பஸ் போற வரைக்கும் நின்னேன். அப்புறம் மூட்டையைக் கழிவறைச் சுவருக்குப் பின்னால தூக்கிட்டுப் போனேன். அங்க யாரும் இல்லை. வாய்க்கட்டை அவிழ்த்து, கொடி எல்லாத்தையும் தரையில கொட்டினேன். சாக்கை உதறி, எழுத்து உள்பக்கம் போற மாதிரி திருப்பினேன். கொடியை ஒரு காம்பு விடாம பொறுக்கி மறுபடியும் அதுக்குள்ளயே அடைச்சு, கட்டி, தோள்ல ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.